பல்கலைக்கழக வகுப்பு அட்டவணை: கையால் போடுவதா, கணிதத்திடம் விடுவதா, எந்தக் கணிதத்திடம்?

கால அட்டவணைப் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்ட பேராசிரியர்களும் கல்விப் பிரிவு அலுவலர்களும் கேட்பது ஏறத்தாழ ஒரே கேள்விதான். எக்செலில் கட்டம் கட்டமாக வண்ணம் தீட்டி அலுத்துவிட்டது. கணிதம் இதைச் செய்துவிடும் என்கிறார்கள், ஆனால் எந்தக் கணிதம் என்பதில் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். ஒருவர் முழுஎண் நிரலாக்கம் என்கிறார், இன்னொருவர் கட்டுப்பாட்டு நிரலாக்கம் என்கிறார், மூன்றாமவர் சிமுலேட்டட் அனீலிங் போதும் என்கிறார், நான்காமவர் தயாராகக் கிடைக்கும் மென்பொருளை நிறுவிவிட்டு நிம்மதியாக இருங்கள் என்கிறார். நால்வர் சொல்வதும் உண்மை. அவரவர் கையிலிருந்த கணக்குக்கு அவரவர் முறை பொருந்தியிருக்கிறது.

இவற்றை வேகத்தை வைத்து ஒப்பிடுவது வழக்கம். நான் வேறொன்றை முன்னே வைக்கிறேன். அட்டவணை அமையாமல் இழுக்கும்போது, "உங்கள் நிபந்தனைகள் ஒன்றோடொன்று பொருந்தவே பொருந்தாது" என்று உறுதியாகச் சொல்லும் முறை எது? "இன்னும் கொஞ்சம் தேடினால் கிடைக்கலாம்" என்று நம்பிக்கை மட்டும் தந்துகொண்டிருக்கும் முறை எது? துறைத் தலைவர்கள் கூடியிருக்கும் அறையில் பதில் சொல்ல வேண்டியவருக்கு இந்த வேறுபாடுதான் பெரிது.

முதலில், உங்கள் கணக்கின் வடிவம்

அட்டவணை வேலையில் மூன்று கணக்குகள் கலந்து கிடக்கின்றன. எந்தப் பாடம் எந்த வேளையில் நடக்கும், எந்த அறையில் நடக்கும், எந்த மாணவர் எந்தப் பிரிவில் உட்காருவார். மூன்றையும் ஒரே மூச்சில் தீர்க்க வேண்டுமா, பிரித்துத் தீர்க்கலாமா என்பதைப் பொறுத்தே முறை அமையும்.

அதற்கும் முன்பு ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். மாணவர்கள் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது அட்டவணை வெளிவருவதற்கு முன்பா, பின்பா? முன்பே என்றால் எந்த இரண்டு பாடங்களுக்குப் பொது மாணவர்கள் இருக்கிறார்கள், எத்தனை பேர் என்பது பெயர்ப்பட்டியலோடு கையில் இருக்கும். பின்பு என்றால் பாடத்திட்டத்தைத்தான் நம்ப வேண்டும்: இரண்டாம் ஆண்டு இயற்பியல் மாணவர் இந்த ஐந்து பாடங்களையும் படித்தாக வேண்டும், எனவே இவை மோதக்கூடாது. அட்டவணை போடும் முறைகளை ஒப்பிடும் சர்வதேச அட்டவணைப் போட்டி, 2007ஆம் ஆண்டில் இந்த இரண்டையும் தனித்தனிப் பிரிவுகளாகவே வைத்தது. விருப்பப் பாடங்கள் பெருகிய பல்கலைக்கழகங்களில் பாடத்திட்டத்தை மட்டும் வைத்து அட்டவணை போட்டால், காகிதத்தில் மோதல் இருக்காது, மாணவருக்கு இருக்கும்.

எது எளிது, எது கடினம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஆசிரியர்களும் வகுப்புகளும் (அதாவது மாணவர் குழுக்களும்) மட்டுமே உள்ள கணக்கு உண்மையில் எளிது. ஹங்கேரியக் கணிதவியலாளர் டேனெஷ் கோனிக் 1916இல் நிறுவிய தேற்றத்தின்படி, எந்த ஆசிரியருக்கும் எந்த வகுப்புக்கும் வாரத்தில் 30 பாட வேளைக்கு மேல் இல்லையென்றால், 30 வேளைக்குள் எல்லாவற்றையும் மோதலின்றி அடுக்கிவிடலாம். "நான் திங்கள் காலை வர முடியாது" என்று ஆசிரியர்கள் சொல்லத் தொடங்கியதுமே கணக்கின் இயல்பு மாறிவிடுகிறது. ஈவன், இட்டாய், ஷமீர் மூவரும் 1976இல் வெளியிட்ட ஆய்வில், அந்த ஒரு வகை நிபந்தனை சேர்ந்தாலே கணக்கு என்பி-முழுமை வகைக்குப் போய்விடுகிறது என்று காட்டினார்கள். அதாவது எல்லா நேர்வுகளுக்கும் விரைவாக விடை தரும் வழி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. அறை ஒதுக்கீட்டிலும் இதே கதை. வேளைகள் முடிவாகிவிட்டால், ஒரு மணி நேர வகுப்புகளுக்கு அறை பிரிப்பது ஜோடி சேர்க்கும் எளிய கணக்கு. தொடர்ந்து பல வேளைகளுக்கு அதே அறை வேண்டும் என்றால் அது கடினமாகிவிடும் என்று கார்ட்டரும் டோவியும் 1992இல் காட்டினார்கள்.

அலுவலகத்தில் யாரோ ஒருவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு சலுகையும் கணக்கை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைப் பார்க்க இந்த எல்லைகள் உதவும்.

எதை வைத்து ஒப்பிடுவது

நான் பார்க்கும் அளவுகோல்கள் ஐந்து. முடியாததை முடியாது என்று சொல்லுமா, எதனால் என்று காட்டுமா என்பது முதலாவது. உங்கள் அளவுக்குத் தாங்குமா என்பது இரண்டாவது. புதிய நிபந்தனை ஒன்று வந்தால் சேர்ப்பது எவ்வளவு எளிது என்பது மூன்றாவது. வெளியிட்ட பிறகு ஒரு மாற்றம் வந்தால், மற்ற எல்லாவற்றையும் கலைக்காமல் திருத்த முடியுமா என்பது நான்காவது. எழுதியவர் வேலை மாறிப் போன பிறகு இதை யார் ஓட்டுவார் என்பது ஐந்தாவது. மென்பொருளின் விலையைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. நல்ல இலவச மென்பொருள் எல்லா வகையிலும் கிடைக்கிறது. செலவு வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது, அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கையால் போடுவது, அல்லது சென்ற ஆண்டு அட்டவணையைத் திருத்துவது

இதைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருபது முப்பது பாடங்கள், நிலையான ஆசிரியர்கள், விருப்பப் பாடம் குறைவு என்றால் அனுபவமுள்ள ஒருவர் ஒரு நாளில் முடித்துவிடுவார். எந்தக் கணித மாதிரியும் அறியாத செய்திகள் அவருக்குத் தெரியும். யார் யாரோடு ஆய்வகத்தைப் பகிர்ந்துகொள்ள மாட்டார்கள், எந்த அறையில் ஒலிபெருக்கி வேலை செய்யாது என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கும். மாணவர்களும் ஆசிரியர்களும் பழகிய அட்டவணை தொடர்வதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

மறைந்த செலவு இங்கேதான் மிக அதிகம். விதிகள் எதுவும் எழுத்தில் இல்லை. அந்த ஒருவர் ஓய்வு பெற்றால் அட்டவணையும் அவரோடு போய்விடுகிறது. எப்போதோ ஒருவருக்காகச் செய்த சலுகை, காரணம் மறந்த பிறகும் ஆண்டுதோறும் நகலாகிறது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் ஒப்பந்த ஆசிரியர்களுக்கும் மிஞ்சிய வேளைகளே கிடைக்கின்றன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, அதனாலேயே யார் கண்ணிலும் படுவதில்லை. "வேறு வழியே இல்லை" என்று சொல்லப்படும்போது, அது உண்மையா, களைப்பா என்று சரிபார்க்கவும் வழியில்லை.

எளிய விதிமுறைகள்: கோட்டுரு வண்ணமிடல்

ஒவ்வொரு பாடத்தையும் ஒரு புள்ளியாக வையுங்கள். மோதக்கூடாத இரண்டு பாடங்களுக்கு இடையே கோடு போடுங்கள். கோட்டால் இணைந்த புள்ளிகளுக்கு வெவ்வேறு வண்ணம் கொடுங்கள். ஒரு வண்ணம் ஒரு வேளை. வெல்ஷும் பவலும் 1967இல் சொன்ன வழி இன்றும் பயன்படுகிறது: அதிக மோதல் உள்ள பாடத்தை முதலில் எடுத்து, பொருந்தும் முதல் வேளையில் வைத்து, அடுத்ததற்குப் போக வேண்டும். சில பத்து வரி நிரலில் எழுதிவிடலாம், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

தேர்வு அட்டவணைக்கு இது நல்ல தொடக்கம். வாராந்திர வகுப்புகளுக்கு அறை, கட்டடங்களுக்கு இடையிலான தூரம், இரட்டை வேளை எல்லாம் சேர்ந்துவிடுவதால் இது மட்டும் போதாது. மற்ற முறைகளுக்கு முதல் அட்டவணை தயாரித்துக் கொடுக்கும் வேலைக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முழுஎண் நிரலாக்கம்

"பாடம் அ, வேளை 7இல் நடக்கிறதா?" ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. இப்படி ஒவ்வொரு சாத்தியத்துக்கும் ஒரு மாறி வைத்து, விதிகளைச் சமனிலிகளாக எழுதி, குறைகளின் (நிறைவேறாத விருப்பங்களின்) கூட்டுத்தொகையைச் சிறிதாக்கச் சொல்வதுதான் இந்த முறை. வணிக மென்பொருளில் குரோபியும் சிபிலெக்ஸும் முன்னணியில் இருக்கின்றன. இலவசமானவற்றில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான ஹைஸ், பெர்லினின் சூஸே நிறுவனத்தில் உருவான ஸ்கிப் இரண்டும் தரமானவை.

இதன் பெரிய பலம், விடையோடு ஓர் எல்லையும் தருவது. "இந்த அட்டவணையின் குறை மதிப்பு 412, இதைவிட எவ்வளவு முயன்றாலும் 405க்குக் கீழே போக முடியாது" என்று அது சொல்லும். அப்போது இன்னும் ஒரு வாரம் தேடுவது வீண் என்று தெரிந்துவிடும். விதிகள் பொருந்தாவிட்டால், எந்தச் சில விதிகள் சேர்ந்து முரண்படுகின்றன என்ற சிறு பட்டியலையும் குரோபி, சிபிலெக்ஸ் போன்றவை தரும். "மூன்று ஆசிரியர்கள், ஒரே ஆய்வகம், எல்லோருக்கும் செவ்வாய் பிற்பகலே வேண்டும்" என்ற முரண்பாடு மேசைமேல் வந்துவிட்டால், பேச்சு வார்த்தை பத்து நிமிடத்தில் முடியும். அட்டவணையைவிட இந்தப் பட்டியலே அதிகம் பயன்படுகிறது என்பது என் கருத்து.

பலவீனம் அளவில் இருக்கிறது. 500 பாடங்கள், ஒவ்வொன்றும் வாரம் ஒரு முறை, 40 வேளைகள், 60 அறைகள் என்று எளிமையாக வைத்துக்கொண்டாலும் மாறிகளின் எண்ணிக்கை 12 லட்சம். அறையைத் தள்ளிவைத்து வேளையை மட்டும் முதலில் தீர்த்தால் 20,000. அப்படிச் செய்தால் பிறகு அறை கிடைக்காமல் போகாதா என்று கேட்கலாம். போகாமல் தடுக்க, வேளைக் கணக்கிலேயே ஒரு விதி சேர்த்தால் போதும்: எந்த வேளையிலும் 100 பேருக்கு மேல் உள்ள வகுப்புகளின் எண்ணிக்கை, 100 பேருக்கு மேல் கொள்ளும் அறைகளின் எண்ணிக்கையைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு கொள்ளளவுக்கும் இப்படி ஒரு வரி. அறைகளுக்குள் வேறுபாடு கொள்ளளவில் மட்டுமே என்றால், இந்த வரிகள் நிறைவேறியதும் அறைகள் தவறாமல் கிடைத்துவிடும். ஜெரால்டு லாக்கும் மார்க்கோ லுப்பெக்கேவும் 2007 போட்டியின் கணக்குகளை இவ்வாறு இரண்டு கட்டமாகப் பிரித்துத்தான் அணுகினார்கள்.

மாதிரியை எழுதும் விதமும் முடிவை மாற்றிவிடும், இதை அருகில் பார்ப்பது நல்லது. ஒன்றோடொன்று மோதும் நான்கு பாடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் "இரண்டின் கூட்டுத்தொகை 1ஐத் தாண்டக்கூடாது" என்று ஆறு சமனிலிகள் எழுதலாம். மென்பொருள் உள்ளுக்குள் முதலில் பின்னங்களையும் அனுமதித்துத்தான் கணக்கைத் தீர்க்கிறது. அப்போது நான்கு பாடங்களுக்கும் ஆளுக்கு அரை என்று வைத்தால் ஆறு சமனிலிகளும் நிறைவேறிவிடும், ஒரே வேளையில் இரண்டு பாடம் அளவுக்கு இடம் இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும். "நான்கின் கூட்டுத்தொகை 1ஐத் தாண்டக்கூடாது" என்று ஒரே வரியில் எழுதினால் அந்த மயக்கத்துக்கு இடமே இல்லை. இரண்டும் ஒரே விதிதான். இன்றைய சால்வர்கள் (கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்கள்) இத்தகைய குழுக்களில் பலவற்றைத் தாமே கண்டுபிடித்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் என்று நம்பி விடக்கூடாது.

மறைந்த செலவுகள் இரண்டு. மேலே சொன்ன நுணுக்கங்கள் தெரிந்த ஒருவர் வேண்டும், அவர் போனால் மாதிரியைத் தொட ஆளிருக்காது. வணிக மென்பொருளின் இலவசக் கல்வி உரிமம் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் என்று தரப்படுவது. பல்கலைக்கழகத்தின் அன்றாட நிர்வாகப் பணிக்கு அது செல்லுமா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுப்பாட்டு நிரலாக்கம்

இங்கே 0, 1 மாறிகளாக உடைக்காமல், "இந்த ஆய்வகம் திங்கள் 9 மணியிலிருந்து இரண்டு மணி நேரம்" என்பதை ஒரு கால இடைவெளியாகவே எழுதலாம். "இந்த ஆசிரியரின் இடைவெளிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது" என்பது ஒரே வரி. "ஆய்வகம் மதிய இடைவேளையைத் தாண்டக்கூடாது", "கோட்பாட்டு வகுப்பு செய்முறைக்கு முன்பே வர வேண்டும்" போன்றவை நீங்கள் பேசும் வாக்கியத்துக்கு அருகிலேயே இருக்கும். கூகுளின் ஓஆர்-டூல்ஸ் தொகுப்பில் உள்ள சிபி-சாட் இலவசமாகக் கிடைக்கிறது, திறந்த மூலம், பைத்தான் நிரல்மொழியிலிருந்து ஓட்டலாம். விதிகள் முரண்பட்டால் அதை நிரூபிக்கவும் அதனால் முடியும், விடையோடு எல்லையும் தருகிறது.

வெவ்வேறு நீளமுள்ள வகுப்புகள், இரட்டை வேளைகள், வரிசை நிபந்தனைகள் மிகுந்த பொறியியல், மருத்துவ, அறிவியல் புலங்களுக்கு இதையே முதலில் முயலச் சொல்வேன். மென்மையான (கட்டாயமில்லாத) விருப்பங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து, அவற்றின் கூட்டுத்தொகையைத் துல்லியமாகக் குறைப்பதே நோக்கம் என்றால், இந்த முறை தரும் எல்லை சில வேளைகளில் தளர்வாக நின்றுவிடும். அப்போது முழுஎண் நிரலாக்கம் முந்தலாம். இரண்டையும் ஒரே தரவில் ஓட்டிப் பார்ப்பது பெரிய வேலை இல்லை.

சிபி-சாட் எல்லாவற்றையும் முழு எண்ணாகவே கேட்கும் என்பதைக் கவனியுங்கள். ஒரு விருப்பம் எவ்வளவு முக்கியம் என்று காட்ட 0.5 எடை கொடுக்க நினைத்தால் எல்லா எடைகளையும் இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும். கணினியின் பல செயலிகளில் பல உத்திகளை ஒரே நேரத்தில் ஓட்டுவதால், நல்ல கணினி கொடுத்தால் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும்.

தேடல் முறைகள்: சிமுலேட்டட் அனீலிங், டாபு தேடல், மரபணு வழிமுறை

ஏதோ ஓர் அட்டவணையில் தொடங்கி, ஒரு வகுப்பை நகர்த்திப் பார்த்து, இரண்டை இடம் மாற்றிப் பார்த்து மேம்படுத்திக்கொண்டே போவது இந்தக் குடும்பம். கிர்க்பாட்ரிக், ஜெலட், வெக்கி மூவரும் 1983இல் முன்வைத்த சிமுலேட்டட் அனீலிங், தொடக்கத்தில் மோசமான நகர்வுகளையும் ஓரளவு ஏற்றுக்கொண்டு, போகப்போகக் கண்டிப்பாகிறது. பிரெட் குளோவரின் டாபு தேடல் அண்மையில் செய்த நகர்வுகளைத் திரும்பச் செய்யாமல் தடுத்து, ஒரே இடத்தில் சுற்றுவதைத் தவிர்க்கிறது.

இவற்றின் சாதனையைக் குறைத்துப் பேச முடியாது. 2002 அட்டவணைப் போட்டியில் வென்றது சிமுலேட்டட் அனீலிங்கை மையமாகக் கொண்ட முறை. நகர்வை எப்படி வடிவமைக்கிறோம் என்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது. கெம்பே சங்கிலி என்ற நகர்வைப் பாருங்கள். திங்கள் 9 மணிப் பாடம் ஒன்றைப் புதன் 10 மணிக்கு அனுப்ப வேண்டும், ஆனால் அங்கே அதனோடு மோதும் இரண்டு பாடங்கள் உள்ளன. அந்த இரண்டையும் திங்களுக்கு அனுப்பினால், திங்களில் அவற்றோடு மோதுபவை புதனுக்குப் போகும். சங்கிலி முடியும் வரை இப்படிக் கைமாற்றினால், மாணவர் மோதல் எதுவும் புதிதாக முளைக்காது. அறை ஒதுக்கீட்டை மட்டும் மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆயிரக்கணக்கான வகுப்புகள், பல்லாயிரம் மாணவர்களின் தனித்தனித் தேர்வுகள் என்ற அளவுக்குப் போகும்போது இவை தாங்கும். எப்போது நிறுத்தினாலும் கையில் ஓர் அட்டவணை இருக்கும். வெளியிட்ட அட்டவணையிலிருந்தே தேடலைத் தொடங்கினால், சிறு திருத்தத்துக்கு ஏற்றது.

ஆனால் என் முதல் அளவுகோலில் இவை தோற்கின்றன. இரவெல்லாம் ஓடி, இரண்டு மோதல்கள் எஞ்சி நின்றால், அந்த இரண்டும் தவிர்க்கவே முடியாதவையா, தேடல் போதவில்லையா என்று இவற்றால் சொல்ல முடியாது. இதை வெளிப்படையாக ஏற்றுக்கொள்ளாத விற்பனையாளரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அளபுருக்களை (தேடலின் போக்கை நிர்ணயிக்கும் எண்களை) சரிசெய்யப் பிடிக்கும் நாட்களும் ஒரு மறைந்த செலவு. தேடலின் தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் எண்ணை, அதாவது தற்செயல் எண்ணின் தொடக்கத்தைக் குறித்துவைக்காவிட்டால், நேற்று வந்த அட்டவணையை இன்று மீண்டும் உருவாக்க முடியாது. மரபணு வழிமுறையைப் பற்றி ஒரு வரி: மாணவர் செயல்திட்டங்களில் அதுவே அதிகம் தென்படுகிறது. இரண்டு நல்ல அட்டவணைகளை வெட்டி ஒட்டினால் மோதல் நிறைந்த ஒன்றே பெரும்பாலும் பிறக்கிறது என்பதால், உள்ளூர்த் தேடலை (சிறு நகர்வுகளால் மேம்படுத்துவதை) சேர்க்காமல் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கலப்பு முறைகள், நிரூபிக்கும் முறை, தேடல் முறை என்ற இந்தப் பிரிவினையை இப்போது கரைத்துவருகின்றன. 2019 போட்டியில் முதலிடம் பெற்ற டென்மார்க் குழு, முழுஎண் மாதிரியின் பெரும்பகுதியை அப்படியே நிலைநிறுத்திவிட்டு, ஒரு சிறு பகுதியை மட்டும் விடுவித்துத் தீர்ப்பது, பிறகு வேறொரு பகுதியை விடுவிப்பது என்று மாறிமாறிச் செய்தது. நிரல் எழுதத் தெரிந்த குழு இருந்தால், பெரிய கணக்குக்கு இன்று நான் காட்டும் வழி இதுதான்.

தயார் மென்பொருள்

பர்டூ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்ந்த யூனிடைம் திறந்த மூல மென்பொருள். வகுப்பு வேளை, அறை, தேர்வு, மாணவரைப் பிரிவுகளில் சேர்ப்பது என எல்லாவற்றையும் கையாள்கிறது. அதன் சால்வரை எழுதிய தோமாஷ் மியூல்லர் 2007 போட்டியில் இரண்டு பிரிவுகளில் முதலிடம் பெற்றவர். ஃபெட் என்ற இன்னொரு இலவச மென்பொருள் முதன்மையாகப் பள்ளிகளுக்கானது. மாணவர்கள் நிலையான குழுக்களாக நகரும் சிறு கல்லூரிக்கு அதுவே போதும், தனிக் கணினியில் ஓடும்.

நிரல் எழுத ஆளில்லாத இடத்தில் இது முதல் தேர்வாக இருக்க வேண்டும். பலர் பயன்படுத்தித் தேறிய விதிகள், பயனர் திரைகள், மாற்றங்களைப் பதிவுசெய்யும் வசதி எல்லாம் தயாராக இருக்கின்றன. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நிரல் எழுதுபவர்கள் சால்வருக்கு மூன்று மாதம் ஒதுக்கிவிட்டு, தரவு உள்ளிடும் திரைக்கு ஒரு நாள்கூட ஒதுக்குவதில்லை. திட்டங்கள் அங்கேதான் சாகின்றன.

செலவு எங்கே என்றால், உங்கள் விதிகளை அந்த மென்பொருளின் மொழியில் பெயர்க்க வேண்டும். அதற்குத் தெரியாத வழக்கம் ஒன்று உங்களிடம் இருந்தால் வழக்கத்தையே மாற்ற வேண்டிவரும். சில நேரம் அது நல்லதற்கே. யூனிடைம் போன்ற பெரிய அமைப்புக்கு சர்வர் பராமரிப்பும், முதல் பருவத்துக்குத் தரவைச் சேர்க்கும் நீண்ட உழைப்பும் தேவை.

ஒரே பார்வையில்

| முறை | "முடியாது" என்று நிரூபிக்குமா | அளவு தாங்குமா | புதிய விதி சேர்ப்பது | வெளியிட்ட பின் திருத்தம் | யார் ஓட்டுவது |
|---|---|---|---|---|---|
| கையால் | இல்லை | சிறிது மட்டும் | எளிது, ஆனால் எழுத்தில் இராது | எளிது | ஒரே ஒருவர் |
| வண்ணமிடல் விதி | இல்லை | பெரிது | கடினம் | பலவீனம் | நிரல் எழுதுபவர் |
| முழுஎண் நிரலாக்கம் | ஆம், எல்லையோடு | பிரித்துத் தீர்த்தால் நடுத்தரம் முதல் பெரிது | நேரியல் சமனிலியாக எழுத முடிந்தால் எளிது | நன்று | மாதிரி அமைக்கத் தெரிந்தவர் |
| கட்டுப்பாட்டு நிரலாக்கம் | ஆம் | நடுத்தரம் | மிக எளிது | நன்று | பைத்தான் தெரிந்தவர், கொஞ்சம் பயிற்சியோடு |
| தேடல் முறைகள் | இல்லை | மிகப் பெரிது | எளிது, எடையைச் சரிசெய்ய வேண்டும் | மிக நன்று | அளபுரு பழகியவர் |
| தயார் மென்பொருள் | மென்பொருளைப் பொறுத்தது | யூனிடைம் பெரிது, ஃபெட் சிறிது முதல் நடுத்தரம் | உள்ள விதிகளுக்குள் மட்டும் | நன்று | பயிற்சி பெற்ற அலுவலர் |

எந்த முறையானாலும் தப்ப முடியாத செலவு: எடைகள்

உகப்பாக்கம் (மிகச் சிறந்த விடையைத் தேடும் கணிதம்) நீங்கள் கேட்டதைத்தான் தரும். கேட்பதை எண்ணாக எழுத வேண்டும். 2007 போட்டியின் பாடத்திட்டப் பிரிவில் பயன்பட்ட எடைகளைப் பாருங்கள்: இருக்கை கிடைக்காத ஒவ்வொரு மாணவருக்கும் 1, ஒரு பாடம் குறிப்பிட்ட நாட்களில் பரவாமல் குறையும் ஒவ்வொரு நாளுக்கும் 5, அன்றைய மற்ற வகுப்புகளோடு ஒட்டாமல் தனித்து நிற்கும் வகுப்புக்கு 2, ஒரு பாடம் கூடுதலாகப் பயன்படுத்தும் ஒவ்வொரு அறைக்கும் 1. இதன்படி ஒரு பாடத்தை இன்னொரு நாளுக்குப் பரப்ப, ஒரு வகுப்பில் நான்கு பேர் நின்றுகொண்டு கேட்டாலும் பரவாயில்லை. போட்டிக்கு இது சரியான அளவு. உங்கள் கல்விக்குழு இதற்குக் கையெழுத்துப் போடுமா? எடைகளை நிரலர் தனியாக முடிவு செய்யும் இடத்தில், பல்கலைக்கழகத்தின் கொள்கையை ஒருவர் தன்னந்தனியாக எழுதிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

கூட்டுத்தொகையை மட்டும் குறைத்தால் இன்னொரு அநீதியும் நுழையும். முப்பது ஆசிரியர்களின் மொத்தக் குறை மிகச் சிறிதாக இருக்கும், ஆனால் அது முழுவதும் ஒரே ஆசிரியர் தலையில் விழுந்திருக்கும்: காலை 8 மணி வகுப்பு, மாலை 5 மணி வகுப்பு, நடுவே எட்டு மணி நேரம் வெறுமை, அதுவும் வாரம் முழுவதும். யாருக்கும் இவ்வளவுக்கு மேல் குறை கூடாது என்ற உச்சவரம்பை முதலில் வையுங்கள், அதன்பின் மொத்தத்தைக் குறையுங்கள். இந்த வரியை எல்லா மாதிரியிலும் கட்டாய விதியாகச் சேர்க்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

கணக்கு சரியாக இருந்தும் மக்கள் ஏற்காமல் போவதுண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை மாற்ற மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்ஐடி) ஆய்வாளர்களின் வழிமுறை ஒன்று பயன்பட்டது. 2017 டிசம்பரில் புதிய நேரங்கள் அறிவிக்கப்பட்டன. பெற்றோரின் கடும் எதிர்ப்புக்குப் பின் அதே மாதத்தில் திட்டம் நிறுத்தப்பட்டது. சொல்லப்பட்ட நோக்கங்களை நிறைவேற்றும் அட்டவணையாக இருந்தாலும், ஒரே நாளில் அத்தனை குடும்பங்களின் காலைப்பொழுது மாறும்போது அதற்கான விலையும் மாதிரிக்குள் இருந்தாக வேண்டும். சென்ற ஆண்டிலிருந்து விலகும் ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சிறு எடை வைப்பது, வகுப்பு அட்டவணையில் இதற்கான மருந்து.

எந்த நிலையில் எது

துறை அளவில், சில பத்துப் பாடங்கள் மட்டும்: கையாலேயே போடுங்கள், ஆனால் விதிகளை எழுதிவையுங்கள். நிலையான குழுக்கள் கொண்ட கல்லூரி, நிரலர் இல்லை: ஃபெட். பெரிய பல்கலைக்கழகம், மாணவர் தேர்வு முன்பதிவாக வருகிறது, கணினிப் பிரிவு பராமரிக்கத் தயார்: யூனிடைம். சில நூறு பாடங்கள், சிக்கலான ஆய்வக விதிகள், பைத்தான் தெரிந்த இருவர்: சிபி-சாட். அறைப் பற்றாக்குறைதான் சண்டைக்குக் காரணம், புதிய கட்டடம் வேண்டுமா என்று நிர்வாகத்திடம் வாதாட வேண்டும்: முழுஎண் நிரலாக்கம், அதன் எல்லையோடு. "எப்படி அடுக்கினாலும் 200 இருக்கைக் கூடம் இன்னும் ஒன்று வேண்டும்" என்று நிரூபித்துக் காட்ட இதைவிட நல்ல துணை கிடையாது. பல்லாயிரம் மாணவர்களின் தனித் தேர்வுகளைச் சொந்த நிரலிலேயே கையாள வேண்டும்: கலப்பு முறை அல்லது உள்ளூர்த் தேடல்.

இருவர் என்று சொன்னது தற்செயல் இல்லை. ஒருவர் மட்டுமே அறிந்த மாதிரி, ஒருவர் மட்டுமே அறிந்த எக்செல் தாளைவிடப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது.

வெளியிட்ட மறுநாள்

எந்த முறையைத் தேர்ந்தாலும் வெளியிட்ட மறுநாள் ஒருவர் வந்து நிற்பார்: "என் வகுப்பை வியாழனுக்கு மாற்றித் தர முடியுமா?" இதற்குப் பதில் சொல்லும் வழியை முன்பே கட்டிவைத்திருக்க வேண்டும். வெளியான அட்டவணையையும், அதை உருவாக்கிய தரவு, விதிகள், எடைகள், தற்செயல் எண்ணின் தொடக்கம் எல்லாவற்றையும் ஒரே தேதியிட்டுச் சேமியுங்கள். கோரிக்கை வந்ததும் அந்த வகுப்பை வியாழனில் நிலைநிறுத்தி, "முடிந்தவரை குறைவான வகுப்புகளே நகரட்டும்" என்ற நோக்கத்தோடு மறுபடி தீர்க்கச் சொல்லுங்கள். நிரூபிக்கத் தெரிந்த முறை என்றால், வேறு நான்கு வகுப்புகள் நகர்ந்தாக வேண்டும், அதற்குக் குறைவாக வழியே இல்லை என்ற விடை வரும். தேடல் முறை என்றால், நான்குக்குக் குறைவாக எதுவும் கிடைக்கவில்லை என்ற அளவில் நிற்கும். எந்த நான்கு, யாருடையவை என்ற பட்டியலை அச்செடுத்து, கேட்டவரிடமும் அந்த நான்கு ஆசிரியர்களிடமும் சேர்த்தே கொடுங்கள்.